வார்டு நிரம்பிய நாள்

மாசி பிறந்ததும் பாலக்கோடு மண்டியில் தக்காளியை ஏலம் கேட்க ஆளில்லாமல் போயிற்று. கூடைகளை இறக்கி வைத்தவர்கள் உச்சிப்பொழுது வரைக்கும் வியாபாரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்ப ஏற்றிப்போகிற வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது என்று ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். மாது மட்டும் பறிப்பதை நிறுத்தவில்லை. பழுத்ததைச் செடியிலேயே விட்டால் பின்னால் வருகிற பூவும் நிற்காது என்பான். விடிகாலைப் பனியில் பறித்து, வரப்பு மேட்டில் கொட்டினான். வெயிலேற ஏற அது புளித்து நாறியது. வீடு வரைக்கும் அந்த நாற்றம் வந்தது.

வீட்டு வாசலில் அவன் மனைவி கோவிந்தம்மாள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். பாப்பாரப்பட்டி வியாபாரி மூட்டையாக இறக்கிவிட்டுப் போவான். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, பழத்தைக் கல்லின்மேல் வைத்துத் தட்டிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை. கார்த்திகைக்குப் பிறகு அவளால் குந்த முடியவில்லை. வயிறு முட்டியது. கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கல்லைத் தொடைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துத் தட்டினாள். பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டே வந்தாள். பாதிக் களி உருண்டைக்கே போதும் போதும் என்று தட்டை நகர்த்தினாள். காற்று சேர்ந்துகொண்டது என்று ஓமத் தண்ணீர் வைத்துக் குடித்தாள். மாது அதைச் சூடு என்றான். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள், இந்த வயசில் தீட்டு நிற்கப்போகிறபோது அப்படித்தான் உப்பும் என்றாள். மூன்று பேர் சொன்னதும் மூன்றாக இருந்ததால் எதையும் யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், காவியா. ஞானசிகரம் பல்கலைக்கழகத்தில் நர்சிங் மூன்றாம் வருஷம் படித்தாள். கரட்டுக் குன்றை வெட்டிச் சமன் செய்த இடத்தில் அந்தப் பல்கலைக்கழகம் இருந்தது. கட்டடங்களைவிட முகப்பு வளைவு பெரியது. கீழ்த்தளத்தில் இன்ஜினியரிங், அதன்மேல் வேளாண்மை, அதற்கும் மேலே நர்சிங். வளாகத்துக்கு முன்னால் ரோட்டைப் பார்த்தபடி கண்ணாடி பதித்த ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்று நின்றது. அதன் மேல்மாடி வார்டுகள் பூட்டியே கிடக்கும். மெத்தைகளின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கப்படவில்லை. கீழே ஓர் அறையில் ரிட்டயரான வயதான டாக்டர் ஒருவர் காலையில் பேப்பர் படித்துவிட்டுப் போவார்.

வார்டு டூட்டி என்று கால அட்டவணையில் போட்டிருந்த நேரமெல்லாம் மாணவிகள் செய்முறை அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் கையில் ஊசி குத்தினார்கள். ஒருத்திக்கு ஒருத்தி பிரஷர் பார்த்தார்கள். பிறகு அதுவும் அலுத்துப்போய், இல்லாத நோயாளிகளுக்குப் பேரும் வயதும் வியாதியும் வைத்து ரெக்கார்டு எழுதினார்கள். சீனியர்கள் எழுதியதைப் பார்த்து எழுதியதால் அந்த நோயாளிகள் வருஷா வருஷம் அதே வயதில் அதே காய்ச்சலோடு படுத்திருந்தார்கள். சேர்மன் பிறந்தநாளுக்குக் கோலம் போடவும், விருந்தாளிகளுக்குப் பூத்தட்டு ஏந்தவும் நர்சிங் பெண்களைத்தான் கூப்பிடுவார்கள். யூனிபார்ம் பார்க்க நன்றாக இருக்கும் என்று.

இதையெல்லாம் காவியா வீட்டில் சொன்னதில்லை. "எங்க பொண்ணு நர்சுக்குப் படிக்கறா" என்று மாது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் காவியா பேச்செடுத்தாள்.

"அம்மா, காலேஜுக்கு இன்ஸ்பெக்சன் வருது. ஆஸ்பத்திரிக்கு ஆளு வேணுமாம். ஆளுக்கு ரெண்டு பேரு கூட்டியாரச் சொல்லிட்டாங்க."

"என்னா ஆளு?"

"பேசன்ட்டு."

"சீக்காளியா? அதுக்கு நாம எங்கடி போயித் தேடறது?"

"சீக்காளி வேணாம்மா. சும்மா வந்து பெட்டுல படுத்துக்கினு இருந்தாப் போதும். அவங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும். சோறு போட்டு, கூலியும் குடுத்து, வேன்லயே கொண்டாந்து வுட்டுருவாங்க."

மாது களியைக் குழம்பில் தோய்த்தவன் அப்படியே நிறுத்தினான். "படுக்கறதுக்கு எதுக்கோசரம் கூலி? நல்லா இருக்கறவங்க போயி ஆஸ்பத்திரில படுக்கறது நல்லதுக்கில்ல."

"கூட்டிக்கினு போவலன்னா இன்டர்னல் மார்க்குல கை வெப்பாங்கப்பா."

"அதெப்பிடி வெப்பாங்க?"

"வெப்பாங்க. போன வருசம் சேர்மன் பங்சனுக்கு வராத புள்ளைங்களுக்கு வெச்சாங்க."

கோவிந்தம்மாள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நான் வர்றன். மூணு வருசமா ஆபீசு வாசப்படியோட திருப்பி அனுப்பிட்டாங்க. நீ எங்க நின்னு வேலை பாக்கறன்னு நானும் பாக்கலாமில்ல? குள்ளம்மா அக்காவையும் கூப்புடறன். அப்பிடியே டாக்டருகிட்ட இந்த வவுத்தையும் காட்டிக்கலாம்."

காவியா களியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே நோயாளியைப் பார்க்கிற டாக்டர் யாரும் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"பாக்கலாம்மா" என்றாள்.

*

சனிக்கிழமை காலையில் வேன் வந்து ஊர் ஊராக ஆள் ஏற்றியது. கோவிந்தம்மாள் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அங்கே போனதும் அதை அவிழ்த்து மடித்துப் பையில் வைக்கச் சொல்லி, பச்சை நிற அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். மேல்மாடி வார்டைத் திறந்து, பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்து, வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். கீழே ஸ்கேன் மிஷின் ஒன்றும் வந்து இறங்கியிருந்தது. புது மெத்தை வாசனையும் பினாயில் வாசனையும் சேர்ந்து அடித்தது. கோவிந்தம்மாள் கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். "மெத்துன்னு இருக்குதுக்கா" என்று குள்ளம்மாளிடம் சொன்னாள்.

நர்சிங் பிரிவின் துணை முதல்வர் ஆரோக்கியராஜ் ஒவ்வொரு கட்டிலாக வந்து வியாதி சொல்லிக்கொடுத்தார். "நீங்க காய்ச்சல். நீங்க மூச்சுத் திணறல், கொஞ்சம் இருமிக்கோங்க. நீங்க என்னம்மா... வயித்து வலி. நேத்து ராத்திரியிலிருந்து. அதுக்கு மேல எதுவும் பேசாதீங்க." பின்னாலேயே வந்த மாணவிகள் எல்லார் கையிலும் குளுக்கோஸ் ட்யூபை வைத்து அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஊசி கிடையாது. பாட்டில் மட்டும் தலைக்குமேல் தொங்கியது.

காவியாவுக்குத் தன் அம்மாவின் கட்டிலே விழுந்தது. அம்மா என்று கூப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கோவிந்தம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"சிஸ்டரு, கொஞ்சம் தண்ணி குடுங்க."

"சும்மா இரும்மா."

"அம்மான்னு சொல்லாத, அந்த சாரு பாக்கறாரு" என்று சொல்லிச் சிரித்தாள். யூனிபார்மில் நிற்கிற மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

எதிர்க் கட்டிலில் வத்தல்மலையிலிருந்து வந்த சின்னன் என்கிற கிழவர் படுக்க மறுத்து உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. மடியில் ஒரு மஞ்சள் பை. காவியாவின் வகுப்பில் படிக்கிற அம்பிகா அழைத்துவந்த ஆள் அவர்.

"பையில என்னாங்க தாத்தா?" என்றாள் கோவிந்தம்மாள்.

"மொச்சக்காய்ங்க. டாக்டருக்கு. காசு குடுக்க நமக்கு ஏது. எங்க தோட்டத்துது. கண்ணப் பாத்து எடுத்து வுட்டாருன்னா மறுக்கா கொண்டாந்து குடுப்பன்."

காவியா அம்பிகாவைப் பார்த்தாள். அம்பிகா பார்வையை எடுத்துக்கொண்டாள். பிறகு கழிவறைப் பக்கம் போனபோது தானாகவே சொன்னாள். "சும்மா வந்து படுங்கன்னா எங்க ஊர்ல யாருடி மலையெறங்கி வருவாங்க? கண்ணு பாப்பாங்கன்னு சொல்லித்தான் கூட்டியாந்தன். என்னை என்னா பண்ணச் சொல்ற?"

பதினோரு மணிக்குமேல் குழு வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண் டாக்டர். கூடவே சேர்மனின் ஆட்கள், போட்டோ பிடிக்கிறவன். ஆண்கள் இருவரும் கட்டில்களை எண்ணிக்கொண்டு நடந்தார்கள். பெண் டாக்டர் மட்டும் அங்கங்கே நின்றார். கோவிந்தம்மாள் கட்டிலில் நின்று, கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் கைவைத்தாற்போல வயிற்றில் கைவைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்து அழுத்தினார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நேத்து ராத்திரியிலருந்துங்க" என்றாள் கோவிந்தம்மாள், சொல்லிக்கொடுத்தபடி.

"நேத்திலருந்தா? உண்மையைச் சொல்லுங்கம்மா."

கோவிந்தம்மாள் ஆரோக்கியராஜைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார். "கார்த்திகையிலருந்துங்க" என்றாள், சின்னக் குரலில். "சோறு எறங்கறதில்ல. குந்த முடியல."

"நாளைக்கு ஸ்கேன் போட்டிருக்கோம் மேடம்" என்றார் ஆரோக்கியராஜ்.

அந்த டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு கோவிந்தம்மாள் கையைத் தூக்கி, பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். அடியில் வெறும் தோல்தான் இருந்தது. கிளப்பியதைப் பழையபடி அழுத்தி ஒட்டினார். குனிந்து, தலையணைக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினார்.

"அம்மா, இங்க இருக்காதீங்க. தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப்போடாதீங்க."

நிமிர்ந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சின்னன் கட்டிலை அவர்கள் தாண்டிப் போனபோது கிழவர் மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டினார். யாரும் கவனிக்கவில்லை.

கட்டிலோரம் பிரஷர் மிஷினோடு நின்ற காவியாவுக்கு அந்த டாக்டர் சொன்னது முழுசும் கேட்டது. இந்த டாக்டருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, கீழே போய்க் கத்தப்போகிறார், இன்றோடு எல்லாம் வெளியே வரப்போகிறது என்று நினைத்தாள். பயமாகவும் இருந்தது, ஒரு பக்கம் ஆசையாகவும் இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. சாப்பாட்டு ஹாலில் பூத்தட்டு பிடிக்க அவளையும் கூப்பிட்டார்கள். அந்த டாக்டர் சால்வையை வாங்கிக்கொண்டார். தயிர்சாதம் மட்டும் போதும் என்றார். காவியா பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எல்லாம் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள்.

கார் போனதும் காவியா ஆரோக்கியராஜைத் தேடி ஓடினாள். அவர் கட்டடத்தின் பின்பக்கம் நின்றிருந்தார்.

"சார், எங்கம்மாவுக்கு வவுத்துல என்னமோ இருக்குது சார். அந்த மேடம் சொன்னாங்க. ஸ்கேன் மிஷினு வந்திருக்குதில்ல, ஒரு வாட்டி பாத்துரலாம் சார்."

அவர் கையை நீட்டிக் காட்டினார். மினி லாரியில் நான்கு பேர் ஸ்கேன் மிஷினைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "சேலத்துக்குப் போவுது. இன்னைக்கு மட்டுந்தான் வாடகை. பாக்கறதுக்கு ஆளும் இல்லம்மா இங்க."

"நாளைக்கு ஸ்கேன்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் என்ன பண்றது? எனக்கும் வூடு இருக்குது, புள்ளைங்க இருக்குது. திங்கக்கெழமை லீவு எடுத்துக்க. ஆப்சென்ட் போடாம பாத்துக்கறேன்."

மேலே வார்டில் விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தார்கள். சின்னன் மட்டும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"டாக்டரு கண்ணப் பாக்கவே இல்லியேம்மா."

"இன்னொரு நாளைக்கி வர்லாம் தாத்தா" என்றாள் அம்பிகா.

"இன்னொரு நாளா? இன்னைக்கே மொழங்காலு வுட்டுப்போச்சே எறங்கறதுக்குள்ள." கிழவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு பையைத் தலையணைமேல் வைத்தார். "சரி. வந்தாருன்னா இதக் குடுத்துரு. வாடிப்போவும், நாளைக்கே குடுத்துரு."

அம்பிகா திரும்பி ஜன்னலைப் பார்த்து அழுதாள். திரும்பிப் போகிற வேனில் கோவிந்தம்மாள் பிரியாணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "பெரிய ஆஸ்பத்திரிதான். ஆனா அந்தம்மா எதுக்கு வேற எடத்துக்குப் போவச் சொல்லிச்சி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

*

"யூனிபார்மப் போட்டுக்கினு வா" என்றான் மாது, திங்கட்கிழமை காலையில். "நர்சுன்னு தெரிஞ்சா கொஞ்சம் மரியாதையாப் பாப்பாங்க."

"வேணாம்பா."

"போட்டுக்க சொல்றன்ல."

போட்டுக்கொண்டாள். பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்க நின்ற வரிசையிலேயே இரண்டு பேர் அவளிடம் வந்து, எக்ஸ்ரே எடுக்கிற இடம் எது சிஸ்டர் என்று கேட்டார்கள். தெரியாது என்று சொன்னதை அவர்கள் நம்பவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் பெரிய கட்டி, நீரும் கோத்திருக்கிறது, சேர்த்துவிடுங்கள் என்றார்கள். மகளிர் வார்டில் இடம் கிடைத்தது. கட்டிலுக்குக் கீழேயும் பாய் போட்டு ஆள் படுத்திருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. ஸ்டாப் நர்ஸ் சசிகலா நடந்துகொண்டே பேசுகிறவள். தட்டில் ஊசிகளோடு வந்து கோவிந்தம்மாள் கையைப் பிடித்தபோது மாது முன்னால் வந்தான்.

"எங்க பொண்ணும் நர்சுதாங்க. மூணாவது வருசம். அவளே போடுவாங்க."

காவியா, "அப்பா" என்றாள்.

"போடும்மா, இதுல என்னா கூச்சம்? அவங்களுக்கும் வேலை கொறையும்."

சசிகலா காவியாவின் யூனிபார்மைப் பார்த்தாள். "போடறியா? நான் பக்கத்துல நிக்கறேன்" என்று தட்டை நீட்டினாள்.

மறுத்திருக்கலாம். அப்பா சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். காவியா ரப்பர் பட்டையைக் கட்டினாள். செய்முறை அறையின் ரப்பர் கையில் நரம்பு நீலக் கோடாக வரைந்திருக்கும். எல்லாரும் குத்திக் குத்தி அந்த இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கும், ஊசியை அதில் வைத்தால் தானாகப் போகும். அம்மாவின் கை புளிக்கறை ஏறிப் பழுப்பாக இருந்தது. தோலுக்கடியில் எதுவும் தெரியவில்லை. தடவினாள். இருக்கிற மாதிரி பட்ட இடத்தில் குத்தினாள். ரத்தம் வரவில்லை. உள்ளேயே ஊசியைத் திருப்பினாள். கோவிந்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல, பரவால்ல" என்றாள். எடுத்து இன்னோர் இடத்தில் குத்தினாள். அங்கே முட்டை மாதிரி வீங்கி நீலம் பாரித்தது.

"விடு" என்றாள் சசிகலா. தட்டை வாங்கிக்கொண்டு, மறுகையைத் திருப்பி மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டி ஏற்றிவிட்டாள். ஒட்டிக்கொண்டே கேட்டாள். "எந்தக் காலேஜு?"

காவியா சொன்னாள். சசிகலா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பக்கத்துக் கட்டில்காரி மெதுவாகப் படுத்துக்கொண்டாள்.

மாது வெளியே போய்விட்டான். காவியா தேடிப் போனபோது, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் துண்டை விரிக்காமல் மண்ணில் உட்கார்ந்திருந்தான்.

"மூணு வருசமா என்னாடி பண்ண அங்க?"

அவள் நின்றுகொண்டே சொன்னாள். பூட்டிக் கிடக்கும் வார்டு, ரப்பர் கை, இல்லாத நோயாளிகளின் ரெக்கார்டு, கோலம், பூத்தட்டு. சொல்லச் சொல்ல அழுகை நின்று, ஒப்பிக்கிற மாதிரி வந்தது.

"ஒரு சீக்காளியக்கூடத் தொட்டதில்லியா?"

"இல்லப்பா."

"இன்னைக்கித்தான் மொதல்ல?"

அவள் தலையாட்டினாள்.

"உங்கம்மாவ."

மாது வார்டு ஜன்னலைப் பார்த்தான்.

"ஏன் சொல்லல எங்கிட்ட?"

"எப்பிடிப்பா சொல்றது? நீ ஊரெல்லாம் சொல்லிட்ட. பஸ்ல போறவங்ககிட்டகூட சொல்ற. வூட்டுக்கு வந்தா அம்மா நான் போட்டுருக்கற துணியத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா. நான் சொல்லியிருந்தா காலேஜ வுட்டு நிறுத்தியிருப்பியா?"

மாது ஒரு குச்சியை எடுத்து மண்ணைக் கீறினான். "தெரியல" என்றான். "உங்கம்மா வவுத்தக் காட்டலாம்னு சொன்னப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். அங்க டாக்டரே இல்லன்னு தெரிஞ்சிக்கினு கூட்டிப்போன."

"அங்க போவலன்னா இதுகூடத் தெரிஞ்சிருக்காதேப்பா."

"அது அந்தம்மா கை பட்டதால தெரிஞ்சிது. உன்னால தெரியல."

கூடவே இருந்த மகளுக்கு, நர்சுக்குப் படிக்கிற மகளுக்கு, கார்த்திகையிலிருந்து உப்புகிற வயிறு காற்றாகத்தான் தெரிந்திருக்கிறது. அவன் சொல்லாமல் விட்டதும் அவளுக்குக் கேட்டது.

*

ஆபரேஷன் முடிந்து, எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது டாக்டர் மாதுவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. புற்றுநோய், கொஞ்சம் பரவியிருக்கிறது, சேலத்தில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார். முன்னமே வந்திருந்தால் நல்லது, இப்போதும் பார்க்கலாம் என்றார்.

காவியா அந்த நாட்களெல்லாம் வார்டிலேயே இருந்தாள். யூனிபார்மைக் கழற்றிவிட்டு நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் சசிகலா டீ குடிக்கிற நேரம் பார்த்து அருகே போய் நின்றாள்.

"சிஸ்டர், எங்க காலேஜுப் புள்ளைங்களுக்கு இங்க போஸ்டிங் போட மாட்டாங்களா? நாங்க வந்து கத்துக்கறோம் சிஸ்டர். எந்த வேலைன்னாலும் செய்யறோம்."

"நான் யாரும்மா போடறதுக்கு? உங்க காலேஜுல எழுதிக் கேக்கணும். போன வருசம்வரைக்கும் கேட்டுக்கினுதான் இருந்தாங்க, உங்க ஆபீசு ஆளு பேப்பரோட வந்து போயிக்கினு இருந்தாரு, ஒண்ணும் முடிவாகல." டம்ளரைக் கழுவி வைத்தாள். "இப்ப வேணாம்னுட்டாங்களாமே. சொந்த ஆஸ்பத்திரிக்கு அப்ரூவல் ஆயிருச்சாம். இனிமே டூட்டியெல்லாம் அங்கியேதான்னு பேசிக்கினாங்க."

காவியா அங்கேயே நின்றாள். அம்மாவின் பச்சை அங்கி, குள்ளம்மா பெரியம்மாவின் இருமல், வத்தல்மலைக் கிழவரின் மொச்சைக்காய் எல்லாம் சேர்ந்துதான் அந்த அப்ரூவலை வாங்கிக் கொடுத்திருக்கின்றன. ஆளுக்கு இரண்டு பேர் என்று தாங்களே கூட்டிவந்து, தங்களுக்கு இருந்த ஒரு வழியையும் தாங்களே அடைத்திருக்கிறார்கள். அன்று பிளாஸ்திரி ஒட்டும்போது எல்லாருமே சிரித்துக்கொண்டுதான் ஒட்டினார்கள்.

அந்த வாரமே பல்கலைக்கழகத்து விளம்பரப் பிரிவிலிருந்து மாதவராஜ் என்கிறவன் போன் செய்தான். காவியா ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் நீட்டினாள். மாதுதான் பேசினான்.

"அம்மா எப்படி இருக்காங்க சார்? கேள்விப்பட்டோம். ரொம்ப வருத்தம். ஆனா பாருங்க, வியாதியக் கண்டுபிடிச்சதே நம்ம ஆஸ்பத்திரியிலதான் இல்லையா? சேர்மனே சொன்னாரு. அம்மா ஒரு வார்த்தை வீடியோவுல சொன்னாங்கன்னா நாலு கிராமத்துக்குப் போய்ச் சேரும். நம்ம ஆளுங்களே வந்து எடுத்துக்குவாங்க."

மாதுவின் தாடை அசைந்தது. காவியா அப்பா கத்தப்போகிறார் என்று பார்த்தாள். அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

"அவ இப்ப பேசற நெலமையில இல்லீங்க" என்றான். "தப்பா நெனைச்சிக்காதீங்க."

போனை வைத்தபிறகு, "தப்பா நெனைச்சிக்காதீங்கன்னு சொன்னன் பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

*

பங்குனியும் போய்ச் சித்திரை வெயில் ஏறியது. தக்காளிச் செடிகளைப் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தான் மாது. சேலத்துக்குப் போய் மருந்து ஏற்றிவிட்டு வந்த ஒவ்வொரு தடவையும் கோவிந்தம்மாள் இரண்டு மூன்று நாட்களுக்கு வாயெடுத்தாள். முடி கொத்துக் கொத்தாக வந்தது. ராகிக் கூழை மோரில் கரைத்துக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் தங்கியது. காவியா காலேஜுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். கூழ் கரைத்தாள், துணி அலசினாள், சேலம் பஸ்ஸில் அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலேஜ் பஸ் தினமும் காலையில் வந்து ஆரன் அடித்துவிட்டுப் போயிற்று.

ஒருநாள் சாயங்காலம் குள்ளம்மாள் வந்தாள். அவளுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று பாப்பாரப்பட்டியில் ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். கூடவே இரண்டு மூன்று பெண்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள்.

"காவியா, தெனமும் போட்டுக்கணுமாம்டி. அதுக்கோசரம் பஸ் ஏறிப் போவ முடியுமா? நம்ம வூட்லதான் நர்சு இருக்கறாளேன்னு சொல்லிட்டு வாங்கியாந்துட்டன். தொடையில போடறியா, கையில போடறியா?"

காவியா சிரிஞ்சை வாங்கவில்லை. "எனக்குப் போடத் தெரியாது பெரிம்மா."

குள்ளம்மாள் சிரித்தாள். "விளையாடாதடி."

"நெசமாத்தான். அங்க எங்களுக்கு ஒண்ணியும் சொல்லித் தரல. அன்னைக்கி நீங்க வந்து படுத்திங்களே, அந்த ஆஸ்பத்திரிக்கு நெசமா ஒரு சீக்காளி வந்ததில்ல. பாப்பாரப்பட்டியிலயே சொல்லித் தருவாங்க, நீங்களே போட்டுக்கலாம். நாளைக்கி நானும் வர்றன், பாத்துக்கலாம்."

கூட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குள்ளம்மாள் சிரிஞ்சைப் பையில் போட்டு முடிந்தாள். "சரி வுடு" என்று எழுந்தாள். வாசலைத் தாண்டியதும் அவர்கள் பேசிக்கொண்டு போவது உள்ளே கேட்டது.

கட்டிலில் கிடந்த கோவிந்தம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். விளக்கு ஏற்றிய பிறகுதான் கேட்டாள்.

"நாலு பேரு முன்னால சொல்லணுமாடி அத?"

"சொல்லாம இருந்தது போதும்மா."

"நாளைக்கி ஊரே பேசும்."

"பேசட்டும்."

"உங்கப்பா எப்பிடி வெளிய போவாரு?"

மாது நடுவீட்டில்தான் உட்கார்ந்திருந்தான். "நான் போயிக்கறன்" என்றான்.

காவியா கூழ் டம்ளரோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோவிந்தம்மாள் மெல்லத் திரும்பினாள். டம்ளரை வாங்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து மகளின் மடியில் வைத்தாள்.

"இந்தா. இதுல குத்திப் பழகிக்க."

"அம்மா."

"எப்பிடியும் அவங்க குத்திக்கினுதான் இருக்கறாங்க. நீயும் குத்து. நான் கத்த மாட்டன். ஒரு மாசம் பழகினா வந்துரும். இன்னும் ஒரு வருசம் இருக்குதில்ல, அதுக்குள்ள கத்துக்கலாம்டி. யாருக்குந் தெரிய வேணாம்."

காவியா அந்தக் கையை விளக்குப் பக்கம் திருப்பினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, மருந்து ஏறிய வழியெல்லாம் கருத்துக் கிடந்தது. விரலால் தடவிக்கொண்டே போனாள். கயிறு மாதிரி விறைத்திருந்தது. அழுத்தினால் அமுங்கவில்லை. வலது கையையும் எடுத்துத் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல இனிமே நரம்பு கெடைக்காதும்மா" என்றாள்.

இரண்டு கைகளையும் போர்வைக்குள் எடுத்து வைத்துவிட்டு, கூழை ஆற்றத் தொடங்கினாள்.